சும்மா செருகி வைத்த சார்ஜர் கரண்ட் குடிக்குமா? – ஒரு சின்ன வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. போனைக் கழற்றிய பிறகும் சார்ஜரைச் சுவரிலேயே விட்டு வைத்தால் கரண்ட் பில்லில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. உடனே குழு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "நான் அப்பவே சொன்னேனே" என்று பெரியவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் சும்மா" என்று பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம். நடுவில் ஒரு மருமகள், "கேபிளையும் உருவி வைக்கணுமா?" என்று அப்பாவியாய்க் கேட்டாள். கடைசியில் "பெரியம்மா சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் வரலாறு நடத்தியவள், பிசிக்ஸ் டீச்சர் இல்லை என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை பிசிக்ஸில் இருக்கிறது, மீதி வரலாற்றில் இருக்கிறது. வரலாற்றுப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். தனியாகக் கிடக்கும் கேபிள் ஒரு துளி மின்சாரமும் எடுக்காது. அது வெறும் கம்பி. மறுமுனையில் போன் இல்லாமல் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதனால் கூடுதல் செலவு இல்லை. சார்ஜர் சுவரில் செருகி, சுவிட்சும் போட்டிருந்தால் கொஞ்சம் எடுக்கும். இப்போது வரும் நல்ல சார்ஜர்கள் பத்தில் ஒரு வாட் அளவோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கின்றன. ஒரு வருடம் முழுக்க, 8,760 மணி நேரமும், அப்படியே விட்டாலும் ஒரு யூனிட்கூட வராது. சரியாகச் சொன்னால் 0.88 யூனிட்.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. ஒரு காலத்தில் அது உண்மை. அந்த உண்மை எப்படி மாறியது, யார் மாற்றினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

நம் வீடுகளில் "விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்காதே" என்று சொல்வார்கள் அல்லவா? மங்கலான அகல் வெளிச்சத்தில் பெருக்கினால், கீழே விழுந்த மூக்குத்தியோ காதுத் திருகோ குப்பையோடு போய்விடும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ட்யூப் லைட் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. காரணம் போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது. சார்ஜர் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

தூங்காத இரும்பு

1885ஆம் ஆண்டு. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கான்ஸ் என்ற தொழிற்சாலை. அங்கே சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூன்று பொறியாளர்கள் நடைமுறைக்கு ஏற்ற ஒரு டிரான்ஸ்பார்மரைச் செய்து காட்டினார்கள். இரும்பு வளையம், அதன்மேல் இரண்டு கம்பிச் சுற்றுகள். ஒரு சுற்றில் அதிக வோல்டேஜ் கொடுத்தால் மற்றதில் குறைந்த வோல்டேஜ் கிடைக்கும். இன்றைக்கும் நம் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு அதுதான் மூதாதை.

இதில் ஒரு குறை உண்டு. அந்தப் பக்கம் யாரும் மின்சாரம் எடுக்காவிட்டாலும், இந்தப் பக்கம் இணைப்பு இருக்கும்வரை அந்த இரும்பு ஒரு நொடிக்கு ஐம்பது தடவை காந்தமாகித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதற்குக் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். செலவான மின்சாரம் சூடாக வெளியே வரும். நடுராத்திரி ஊர் அடங்கிய பிறகு டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்து போனால் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஊர் தூங்கினாலும் அந்த இரும்பு தூங்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இன்ஜினியரிங் படித்த என் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டிரான்ஸ்பார்மரின் திறனை ஒரு நொடிக்குக் கணக்கிடாமல் முழு நாளுக்கும் சேர்த்துக் கணக்கிடும் பாடம் அவர்கள் புத்தகத்தில் உண்டு. சும்மா நிற்கும் நேரத்துச் செலவையும் சேர்க்கத்தான் அந்தக் கணக்கு.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். டேப் ரெக்கார்டருக்கும் கார்ட்லெஸ் போனுக்கும் ஒரு கறுப்புக் கட்டி அடாப்டர் வருமே, ஞாபகம் இருக்கிறதா? கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி கனக்கும். முதல் முதலில் வந்த செல்போன்கள் பலவற்றுக்கும் அப்படித்தான் சார்ஜர் வந்தது. அந்தக் கனம் உள்ளே இருந்த இரும்பின் கனம். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் குட்டி அது. போனைக் கழற்றிய பிறகும் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்.

அந்த மாதிரி அடாப்டர் சும்மா இருக்கும்போதே ஒன்றிலிருந்து மூன்று வாட் வரை எடுக்கும். இரண்டு வாட் என்று வைத்தால் வருடத்துக்கு பதினேழரை யூனிட். வீட்டில் நான்கு இருந்தால் எழுபது யூனிட். தொட்டுப் பார்த்து, "சுடுதே, கரண்ட் ஓடுது" என்று சொல்லிப் பிடுங்கி வைத்த பெரியவர்கள், மீட்டர் இல்லாமலே சரியாக அளந்தவர்கள். விரல் நுனிதான் அவர்களுக்குக் கருவி.

சிவப்புப் பொட்டு வந்த காலம்

அடுத்து வந்தது ரிமோட். பழைய டிவியில் குமிழைத் திருகி அணைத்தால் "டக்" என்று சத்தம் கேட்கும், அத்தோடு மின்சாரம் நின்றுவிடும். ரிமோட் வந்த பிறகு டிவி முழுதாக அணைவதில்லை. எப்போது பட்டனை அழுத்துவார்கள் என்று அதன் ஒரு பகுதி விழித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. பிறகு டிவிடி பிளேயர், கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு வந்தது.

இதை முறையாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆலன் மையர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர். அமெரிக்க வீடுகளில் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம் இப்படிச் சும்மா இருக்கும் சாதனங்களால் போகிறது என்று 1998வாக்கில் அவரும் அவருடைய குழுவினரும் கணக்குச் சொன்னார்கள். ஒழுகும் குழாய்க்கு ஒப்பிட்டு, இதை ஒழுகும் மின்சாரம் என்றார்கள்.

கவனியுங்கள், அந்த 5 சதவீதம் டிவி, விசிஆர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. அதில் சார்ஜர் ஒரு சிறு பகுதிதான். காலப்போக்கில் அந்த மொத்தக் கணக்கு சார்ஜர் தலையில் மட்டும் விழுந்துவிட்டது. வதந்தி பெரும்பாலும் முழுப் பொய்யாக இருக்காது. ஓர் உண்மையை இடம் மாற்றி வைத்ததாக இருக்கும். வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

ஒரு வாட் போதும்

இனி வருவதுதான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி.

மையர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கோடிக்கணக்கான வீடுகளில் இருப்பவர்களிடம் "தினமும் பிடுங்கி வையுங்கள்" என்று சொல்வது. மற்றொன்று, சாதனம் செய்கிற ஒரு சில கம்பெனிகளிடம் "ஒழுகாமல் செய்யுங்கள்" என்று சொல்வது. அவர் இரண்டாவது வழியை எடுத்தார். எந்தச் சாதனமும் சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவர் முன்வைத்த யோசனை. அதை 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. 2000இல் ஆஸ்திரேலியா அந்த இலக்கை ஏற்றது.

2001 ஜூலை கடைசியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மத்திய அரசு அலுவலகங்கள் இனி வாங்கும் சாதனங்கள், முடிந்தவரை, சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்றது ஆணை. அந்தச் சமயத்தில் இவற்றுக்கு ரத்தக் காட்டேரி என்ற பட்டப்பெயரும் பரவிவிட்டது. பெரிய கொள்முதல்காரர் நிபந்தனை போட்டால் வியாபாரி கேட்டுத்தானே ஆக வேண்டும்? தென்கொரியா 2005இல், ஐந்தே ஆண்டுகளில் ஒரு வாட் இலக்கை எட்டுவது என்று திட்டம் போட்டது.

பிறகு சார்ஜருக்கென்றே சட்டங்கள் வந்தன. கலிபோர்னியா மாநிலம் 2004 டிசம்பரில் விதி போட்டது. 2008 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதும் போன் சார்ஜர் மாதிரியான சிறிய அடாப்டர்களுக்கு அரை வாட் எல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதி போட்டு, 2011இல் அதை 0.3 வாட்டுக்கு இறக்கியது. 2016இல் அமெரிக்கா 0.1 வாட்டுக்குப் போனது. 2020 ஏப்ரலில் ஐரோப்பாவும் அதே 0.1க்கு வந்தது. ஒரு வாட், அரை வாட், 0.3, 0.1. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அது அமெரிக்கச் சட்டம், ஐரோப்பியச் சட்டம், நமக்கென்ன என்று கேட்கலாம். பெரிய கம்பெனிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே மாதிரி சார்ஜரைத்தான் செய்கின்றன. அங்கே ஒரு சட்டம் வந்தால் அந்தச் சார்ஜர்தான் இங்கே நம் வீட்டுச் சுவருக்கும் வந்து சேரும். நாம் ஓட்டுப் போடாத நாட்டின் சட்டம் நம் மீட்டரில் வேலை செய்கிறது. உலகமயமாதல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருந்தால் அப்போதே வகுப்பில் சொல்லியிருப்பேன்.

கோழித்தூக்கம்

சட்டம் போட்டால் போதுமா, செய்ய முடிய வேண்டாமா? அதற்கு வழி ஏற்கனவே இருந்தது. கனத்த இரும்புக்குப் பதிலாக, மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் முறை. 1977இல் வந்த ஆப்பிள் டூ கம்ப்யூட்டரில் ராட் ஹோல்ட் என்பவர் வடிவமைத்த பவர் சப்ளை இந்த முறையில்தான் இருந்தது. வேகமாக வெட்டினால் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். அதனால்தான் இன்றைய சார்ஜர் உள்ளங்கையில் இறகு மாதிரி இருக்கிறது.

1990களில் இந்த வேலை முழுவதும் ஒரு சின்னச் சில்லுக்குள் வந்துவிட்டது. அந்தச் சில்லு கோழித்தூக்கம் போடக் கற்றுக்கொண்டது. மறுமுனையில் போன் இல்லை என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து, "யாராவது வந்தார்களா?" என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி தூக்கம். அந்தக் கண் திறக்கும் நேரத்துக்கு மட்டும்தான் மின்சாரம். தூங்காத இரும்பின் இடத்துக்கு இந்தக் கோழி வந்த அன்றே பழைய எச்சரிக்கைக்குக் காலம் முடியத் தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. சார்ஜர்கள் திருந்திக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் எச்சரிக்கை உச்சிக்குப் போனது. பேட்டரி நிறைந்ததும் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி ஞாபகப்படுத்தும் வசதியைத் தன் போன்களில் வைப்பதாக 2007இல் நோக்கியா அறிவித்தது. 2008இல் நோக்கியா, சாம்சங், எல்ஜி, மோட்டோரோலா, சோனி எரிக்சன் ஆகிய ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து சார்ஜர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுத்தன. சும்மா இருக்கும்போது 0.03 வாட்டுக்குள் இருந்தால் ஐந்து நட்சத்திரம். அரை வாட்டைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

அதே 2008இல் டேவிட் மெக்கே என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியல் பேராசிரியர் எரிசக்தி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்தே வைத்தார். ஒரு நாள் முழுக்கச் சார்ஜரை அணைத்து வைத்து மிச்சம் பிடிக்கும் சக்தி, கார் ஒரே ஒரு விநாடி ஓடும்போது தீர்ந்துவிடும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு பிரிட்டன் அரசின் எரிசக்தித் துறைக்கே தலைமை அறிவியல் ஆலோசகரானார். 2016இல் மறைந்துவிட்டார். சிக்கனமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சின்னதைச் செய்துவிட்டுப் பெரியதைச் செய்துவிட்ட திருப்தி அடையாதீர்கள் என்பதுதான் அவர் கவலை.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் ஊர்க் கணக்கு. நோட்டை எடுங்கள்.

ஃபார்வர்டுகள் "பிளக்கைப் பிடுங்கு, பிடுங்கு" என்று சொல்வதைக் கவனித்தீர்களா? அமெரிக்க வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டுகளுக்குப் பொதுவாகப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. அங்கே நிறுத்த வேண்டுமென்றால் பிடுங்கத்தான் வேண்டும். நமக்கு வெள்ளைக்காரன் காலத்து வழக்கத்தில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. சுவிட்சைத் தட்டினால் போதும், மின்சாரம் சார்ஜருக்குப் போகாது. அதனால் பெரியவர்கள் யாரும் டிவிக்குப் பின்னால் குனிந்தும், ஸ்டூல் போட்டு ஏறியும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை எந்தச் சார்ஜரும் மிச்சம் பிடித்துத் தராது.

சார்ஜர் சும்மா இருந்தால் வருடத்துக்கு ஒரு யூனிட்டுக்குள் என்றேன். போனைத் தினமும் முழுதாக சார்ஜ் போட்டாலே வருடத்துக்கு ஒன்பது யூனிட் அளவில்தான் வரும். குளியலறையில் இருக்கும் 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் எடுக்கும். ஆக, கீசரைப் போட்டுவிட்டு "இதோ வரேன்" என்று போனில் பேசிக்கொண்டு நிற்கிற அந்த இருபத்தாறு நிமிடமும் ஒரு சார்ஜரின் ஒரு வருடமும் ஒன்று.

சும்மா இருக்கும் சாதனங்களில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது கேபிள் டிவி செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் உள்ளே கிட்டத்தட்ட முழுதாக விழித்துத்தான் இருக்கும். தொட்டுப் பாருங்கள், சுடும். பாட்டியின் விரல் நுனிச் சோதனை இதற்கு இன்றும் செல்லும். பத்து வாட் எடுக்கும் பாக்ஸ், டிவி பார்க்காத இருபது மணி நேரமும் ஓடினால் வருடத்துக்கு 73 யூனிட். எண்பது சார்ஜர்களுக்குச் சமம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க வீடுகளில் இருந்த செட்-டாப் பாக்ஸ்கள் மட்டும் 2,700 கோடி யூனிட் எடுத்தன என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் பார்க்காத நேரத்தில் போனது என்றும் அங்குள்ள ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் கணக்கு வெளியிட்டது. அதன்பிறகுதான் அங்கே கம்பெனிகள் 2012இல் ஒப்பந்தம் போட்டு பாக்ஸைத் திருத்த ஆரம்பித்தன. பாருங்கள், இங்கேயும் அதே பாடம்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று இன்வெர்ட்டர். 2008க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் வரும் நேரத்தைப் பிடிக்க எல்லாச் சார்ஜரையும் செருகியே வைத்திருந்தோம். இன்வெர்ட்டரும் அப்போதுதான் வீடு வீடாக நுழைந்தது. பேட்டரி நிறைந்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். வயதான பேட்டரி இன்னும் அதிகமாக இழுக்கும். அதற்காக அணைத்து வைக்க முடியாது, தேவைப்படும் நேரத்தில் உதவாது. ஆனால் கணக்கு பார்க்கிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பேரப்பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3,200 என்று இருந்தால், பத்து வாட் செட்-டாப் பாக்ஸ் மட்டும் ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளவில் சிமிட்டும். கீசர் போட்டால் ஒரு விநாடிக்கு ஒன்றுக்கு மேல். சார்ஜர் மட்டும் இருந்தால் கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. உண்மையில் அவ்வளவு சின்ன அளவு தனியாக இருந்தால் மீட்டர் கவனிக்காமலே போகலாம். மீட்டரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திறக்க வேண்டாம்.

எதற்காக இவ்வளவு நீளமாக எழுதினேன்

வெறும் நாலைந்து ரூபாய் விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

நம் சொந்தத்திலேயே வயதானவர்கள் சிலர், 100 யூனிட் இலவசத்தைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் படுக்கிறார்கள். சித்திரை வெயிலில் விடிய விடியப் புரண்டுவிட்டு, காலையில் "தூக்கமே வரலை" என்கிறார்கள். சாதாரண 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால்கூட மூன்று ரூபாய். நிம்மதியான தூக்கத்துக்கு மூன்று ரூபாய் அதிகமா? வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் 30 வாட்டில் ஓடும் புது வகை மின்விசிறி ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுங்கள். பாதிக்கும் மேல் மிச்சம், பயமும் போகும்.

இன்னொரு பக்கம், வீட்டுக்கு வந்த மருமகள் சார்ஜரை அணைக்கவில்லை என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு. அதே வீட்டில் மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து தண்ணீர் அரை மணி நேரமாகக் கொட்டும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சிக்கனம் என்பது நல்ல குணம். ஆனால் யாரையாவது குறை சொல்லத் தோதான இடத்தில் மட்டும் அதைத் தேடக் கூடாது.

ஒரு வீட்டுக்கு ஒன்றுமில்லாதது நாட்டுக்குப் பெரிதாகலாம் என்பதும் உண்மை. பழைய இரண்டு வாட் அடாப்டர் மூன்று கோடி இருந்தால் 60 மெகாவாட். நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த பைக்காரா மின்நிலையத்தின் மொத்தத் திறனே சுமார் 59 மெகாவாட். மலையைக் குடைந்து, குழாய் இறக்கி, எத்தனையோ பேர் உழைத்துக் கட்டிய ஒரு மின்நிலையம், சும்மா தொங்கும் அடாப்டர்களைச் சூடாக்கவே சரியாகப் போயிருக்கும். அதே மூன்று கோடி சார்ஜரும் 0.1 வாட் என்றால் 3 மெகாவாட்தான். அந்த 57 மெகாவாட்டை மிச்சம் பிடித்தது யார்? ராத்திரி எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிய நாமா? அளந்து பார்த்த ஒரு ஆய்வாளர், விதி போட்ட சில அரசுகள், பெயர் தெரியாத பல பொறியாளர்கள். நல்ல விதி ஒன்று வந்தால் மறதிக்காரர் வீட்டிலும் அது வேலை செய்யும். நல்ல பழக்கம் ஞாபகம் உள்ளவர் வீட்டில் மட்டும்தான் வேலை செய்யும். இரண்டும் வேண்டும். ஆனால் எது எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி, "அப்போ சார்ஜரை அப்படியே விட்டுடலாமா பெரியம்மா?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், சுவிட்சை அணைத்துவிடுங்கள். காரணம் பில் இல்லை, பாதுகாப்பு. பிளாட்பாரத்தில் வாங்கிய மலிவுச் சார்ஜருக்குள் எந்தச் சில்லு இருக்கிறது, தடுப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. சுவரின் 230 வோல்ட்டுக்கும் கையில் தொடும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புதான் உயிரைக் காக்கிறது. தவழும் குழந்தை கேபிள் முனையை வாயில் வைக்கும். இடி மின்னல் நேரத்தில் வோல்டேஜ் எகிறும். அதனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் அச்சிட்ட சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே மாட்டாதபோதும் சுடுகிற சார்ஜரைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், அதுவும் குப்பைத் தொட்டியில் இல்லாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில்.

வீட்டுப்பாடம் இல்லாமல் நான் என்றைக்கு வகுப்பை முடித்திருக்கிறேன்? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா சுடுகிற சாமான் எதுவெது என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். மீட்டர் எத்தனை தடவை கண் சிமிட்டியது என்பதையும் கீழே கமெண்டில் எழுதுங்கள். அதிகமாகக் கண்டுபிடித்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஃபில்டர் காபி நிச்சயம். மின்விசிறியும் முழு வேகத்தில் ஓடும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்